ஏழாவது அம்பின் மஞ்சள் பொட்டு

சிஞ்ச்வட், புனே
2 ஜூன் 2024

அன்புள்ள ரஃபீக் பாய் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றையும் கிழிக்க மனமில்லாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருந்தால், "சார் கடுதாசியையும் ஹோல்டுல போட்டுட்டாரு" என்று சிரித்திருப்பீர்கள்.

தொலைபேசியில் ஒன்பது முறை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. காகிதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் வருகிறது.

கை எப்படி இருக்கிறது? பிப்ரவரியில் எய்யும்போது அம்பு உடைந்த அன்று, அவசரப் பிரிவில் உங்கள் இடது கையிலிருந்து டாக்டர் கார்பன் சிலாம்புகளை எடுத்துப் போட்டபோது இருபத்து மூன்று வரை எண்ணினேன். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மொத்தம் எத்தனை என்று உங்களுக்குச் சொன்னார்களா?

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை மைதானத்துக்குப் போகிறேன். வில்லை எடுப்பதில்லை. நம் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். பயிற்சி கொடுக்கும் வைஷு வாரம் தவறாமல், "தூஸ்ரே காகா கப் ஆயேங்கே?" என்று கேட்கிறாள். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா, உங்கள் காயல்பட்டினத்தில் அண்ணன், எங்கள் விருத்தாசலத்தில் பறவை என்று நீங்கள் அவளுக்கு விளக்கியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். இன்னொரு காகா எப்போது வருவார் என்று கேட்டால் மட்டும் நான் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அம்புத் தண்டுகளை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். கார்பன் இனி வேண்டாம். மீதி அலுமினியமும் மரமும். எந்தப் பொருளானாலும் தண்டின் வளைவு, எய்பவருடைய கைநீளத்துக்கும் வில்லின் பலத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நாணை நீங்கள் இழுக்கும் நீளம் இருபத்தெட்டு அங்குலம் என்று என் நோட்டில் இருக்கிறது. அது இப்போது மாறியிருக்கலாம். முடிந்தால் அளந்து எழுதவும். எண் மட்டும் எழுதினாலும் போதும்.

என்றும் தங்கள்,
சுந்தரமூர்த்தி


காயல்பட்டினம்
19 ஜூன் 2024

மூர்த்தி சாருக்கு,

கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கியது என் மகள் நஸ்ரின். அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு என் தலையணை மேல் போட்டுவிட்டுப் போனாள். "வாப்பா, அந்த ஆளுக்குப் பதில் எழுதினீங்கன்னா இனிமே உங்க கைக்கு எண்ணெய் தேய்க்க மாட்டேன்" என்றாள். நான் எழுதுகிறேன். அவள் தேய்க்கவும் செய்கிறாள்.

சிலாம்பு மொத்தம் நாற்பத்தொன்று. இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். உருளையைத் தடவியே அளவு சொன்ன கை. தொழிற்சாலையில் உங்கள் மைக்ரோமீட்டர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? இப்போது தேநீர் டம்ளர் நழுவுகிறது.

இழுப்பு நீளம் கேட்கிறீர்கள். முழங்கையே முழுதாக நீளவில்லை, எதை அளப்பது? எனக்கு அம்பு வேண்டாம். உங்களுக்கு எது வேண்டுமோ வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், நஸ்ரின் ஊரிலிருந்து வந்து கட்டிலருகே நின்றபோது, "நீங்கதானே சார் பாத்து பொட்டு வச்சீங்க?" என்று கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டீர்கள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ரஃபீக்


சிஞ்ச்வட், புனே
14 ஜூலை 2024

அன்புள்ள பாய்,

மூன்று வாரமாக இந்தப் பதிலைத் தள்ளிப்போட்டேன். முதலில் தண்டுகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். அது எனக்குச் சுலபம்.

சமையலறை மேடையில் இரண்டு மரக்கட்டைகளை இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் நிறுத்தி, நடுவில் எண்ணூற்று எண்பது கிராம் எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தொய்கிறது என்று அளக்கிறேன். மரத் தண்டுகள் பன்னிரண்டு வாங்கினேன். பன்னிரண்டும் பன்னிரண்டு மாதிரி. அதோடு இங்கே மழை விடாமல் பெய்கிறது. ஜூன் கடைசியில் நேராக இருந்தவை இப்போது ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மரம் ஒவ்வொரு வாரமும் வேறு பதில் சொல்கிறது.

கார்பன் எப்போதும் ஒரே பதில்தான் சொல்லும். கடைசி நிமிடம் வரை நேராக இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வளைத்துக் காதருகே வைத்துக் கேட்டால்தான் உண்டு. அதனால்தான் நம் அம்புகளை ஒவ்வொரு ஞாயிறும் வளைத்துக் கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்வி.

அன்றைய நோட்டுப் பக்கம் என் முன்னால் இருக்கிறது. உங்கள் அம்புகள் எட்டு. ஏழாவதுக்கு நேராக, என் கையெழுத்தில், "ஹோல்ட்" என்று இருக்கிறது. அதை வளைத்தபோது சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. அதே நேரம் லோனாவ்லா லோக்கல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் அம்பினுடையதா ரயிலினுடையதா என்று தீர்மானிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் தரம் பார்த்தபோது செய்தது போலவே செய்தேன். சரியென்றால் மஞ்சள் பொட்டு, தவறென்றால் சிவப்பு, தெரியாவிட்டால் பொட்டே இல்லாமல் தனியாக, அதுதான் ஹோல்ட். அம்புகளை நிறுத்தி வைக்கும் பிவிசி குழாயில் அதை மட்டும் தலைகீழாகச் செருகி வைத்தேன். அப்படித்தான் எனக்கு நினைவு.

ஆனால் உடைந்த அம்பின் வால் துண்டை வைஷு என்னிடம் கொடுத்தாள். அதில் மஞ்சள் பொட்டு இருக்கிறது. வால் சிறகுகளில் வேறு நிறமாக இருக்கும் ஒன்றுக்கு நேர் கீழே, நான் வைக்கும் அதே இடம், அதே அளவு.

நோட்டு ஒன்று சொல்கிறது, அம்பு ஒன்று சொல்கிறது. இரண்டும் என் கைதான். நீங்கள் கேட்டபோது எதைச் சொல்வது? ஒரு கை எழுதியதை இன்னொரு கை மறந்துவிட்டுப் பொட்டு வைத்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மார்ச்சில் நரம்பு டாக்டரிடம் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். வயதுக்குச் சரியாக இருக்கிறது என்றார். ஆனால் அந்தப் பொட்டு அவருக்குத் தெரியாதே. எதிர் ஃபிளாட் பட்டு மாமியிடம் வீட்டுச் சாவியில் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று அவரை வந்து பார்க்கச் சொல்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகன் ஹர்ஷாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னை அழைத்துக்கொண்டு போய்விடுவான்.

வில்லைத் தொடாததற்கும் காரணம் இதுதான். என் கண்ணை நம்பலாமா என்று தெரியாமல் நாணை எப்படி இழுப்பது?

ஆகவே தவறு என்னுடையது. பொட்டு வைத்ததோடு அது நிற்கவில்லை. சந்தேகம் வந்த அன்றே அதை முட்டியில் வைத்து உடைத்திருக்க வேண்டும். தள்ளிய பொருளை உடைக்காமல் வைக்கக் கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் எதையும் உடைக்கக் கை வந்ததில்லை.

இதை நஸ்ரினுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சுந்தரமூர்த்தி


காயல்பட்டினம்
11 ஆகஸ்ட் 2024

மூர்த்தி சார்,

நஸ்ரினுக்குப் படித்துக் காட்டவில்லை. நானே நாலு தடவை படித்தேன்.

அந்தச் சாவியைப் பட்டு மாமியிடமிருந்து திருப்பி வாங்குங்கள். உங்கள் மூளைக்கு ஒன்றும் இல்லை. பொட்டு வைத்தது நான்.

எப்படி எழுதுவது என்று தெரியாததால் நடந்த வரிசையில் எழுதுகிறேன். அன்று என் அம்பு ஒன்று இலக்குக்குப் பின்னால் புல்லில் போய்விட்டது. தேடினோம், கிடைக்கவில்லை. முந்தின வாரம் ஒன்றுக்குச் சிறகு போயிருந்தது. ஆறு அம்பு வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. நீங்கள் தண்ணீர் பாட்டிலோடு குழாயடிக்குப் போனீர்கள். பிவிசி குழாயில் ஒன்று தலைகீழாக நின்றது. எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. 'ஹோல்ட் மூர்த்தி வேலையைக் காட்டிட்டாரு' என்றுதான் தோன்றியது. உங்கள் பெட்டியில் அந்த மஞ்சள் நகப்பூச்சு பாட்டில் இருந்தது. கடையில் போய்க் கேட்க வெட்கப்பட்டு என்னை விட்டு வாங்கச் சொன்னீர்களே, அதே பாட்டில். ஒரு பொட்டு வைத்தேன். காயட்டும் என்று ஊதினேன். நீங்கள் வருவதற்குள் என் அம்புக்கூட்டில் போட்டுவிட்டேன்.

இடம், அளவு எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். போசரித் தொழிற்சாலையில் நீங்கள் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் உங்கள் ஹோல்ட் ரேக்கிலிருந்து எத்தனையோ உருப்படிகளுக்கு இதே கையால் பொட்டு வைத்து லைனுக்கு அனுப்பியிருக்கிறேன். மேலே இருக்கிறவர்கள் என் கழுத்தைப் பிடிப்பார்கள், நீங்கள் முடிவு சொல்ல மாட்டீர்கள், நான் என்ன செய்வது? ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் தைரியம்தான் அன்றைக்கும்.

ஆஸ்பத்திரியில் நஸ்ரின் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். வயதான காலத்தில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னவள். நீங்கள் வாயைத் திறந்து "அது ஹோல்ட் ஆச்சே பாய்" என்று சொல்லிவிடுவீர்களோ என்று, அதற்கு முன்னால் நான் கேள்வியைக் கேட்டுவிட்டேன். நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். சார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். அது உங்கள் பெருந்தன்மை என்று நினைத்து, அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாமல்தான் ஃபோனை எடுக்கவில்லை. நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்கு எங்கே தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம்.

ரஃபீக்


சிஞ்ச்வட், புனே
25 ஆகஸ்ட் 2024

ரஃபீக் பாய்,

கடிதம் கிடைத்து ஆறு நாள் ஆகிறது.

எத்தனை உருப்படிகள்? எந்த வருடம் முதல்? "எத்தனையோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு எண் அல்ல. ரேக்கில் பதினேழு வைத்துவிட்டுப் போனால் சில நாள் பதினைந்து இருக்கும். நான் தவறாக எண்ணிவிட்டேன் என்று என் பதிவேட்டைத் திருத்தியிருக்கிறேன். இப்போது அந்தத் திருத்தங்கள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. முதலில் எழுதியது சரியாக இருந்திருக்கிறது. அதை அடித்துவிட்டு நான் எழுதியதுதான் தவறு.

நான் கோபப்பட்டுப் பழகியவன் இல்லை. எப்படி எழுதினால் கோபம் மாதிரி இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, கீழே பால் வாங்கப் போனால்கூட கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை படியேறினேன். ஹர்ஷாவின் அம்மா பாலாம்பாள் இறந்த தேதியை ஒரு தாளில் எழுதி அவள் படத்துக்குப் பின்னால் ஒட்டினேன், ஒரு நாள் மறந்துவிடுவேன் என்று. உங்கள் கையில் நாற்பத்தொரு சிலாம்பு ஏறியது. அதற்கு நான் அழுதேன். என்னில் ஏறியதை எண்ண ஒரு டாக்டரும் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. அதை இப்போதைக்கு ஹோல்டில் வைத்திருக்கிறேன்.

பட்டு மாமியிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். "ஏன், என்னாச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அலுமினியம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடிபட்டால் வளைந்துவிடும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும். காதை வைத்துக் கேட்க வேண்டியதில்லை. தண்டுகள் வந்துவிட்டன. உங்கள் நீளம் தெரியாமல் வெட்ட முடியாது. வெட்டியதை ஒட்டவும் முடியாது. எண் இன்னும் வரவில்லை.

சுந்தரமூர்த்தி


காயல்பட்டினம்
20 செப்டம்பர் 2024

மூர்த்தி சார்,

எண் தெரியாது. உண்மையாகவே தெரியாது, அப்போது எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் எழுதிவிடுவேன்.

நஸ்ரினிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தைக்கிற நூலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "கைய நீட்டுங்க வாப்பா. அந்த மாமா எத்தன தடவதான் கேப்பாங்க" என்றாள். பிசியோதெரபி ரப்பரை இழுத்துப் பிடித்தேன், அவள் நூலைப் பிடித்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள். இதோடு வைத்திருக்கிறேன். முடிச்சிலிருந்து முடிச்சு வரைதான் இப்போது நான். பதினெட்டு பவுண்டுக்கு மேல் இழுவை தாங்காது.

நேராக ஒன்று சொல்லிவிடுகிறேன், எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். புனேக்கு இனி வரமாட்டேன். கசார்வாடி வீட்டைக் காலி செய்து கொடுத்தாயிற்று. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், நான் மகள் வீட்டில் இருக்கிறேன், அவள் விடமாட்டாள். பின்னால் தென்னைக்கு நடுவே மணல் மேடு ஒன்று இருக்கிறது. பதினைந்து அடி தூரத்தில் சாக்கு மூட்டையை வைத்து ஏதாவது செய்யலாம். செய்யாமலும் போகலாம்.

அந்தப் பெஞ்சில் என் பக்கம் யாராவது உட்காரட்டும்.

ரஃபீக்


சிஞ்ச்வட், புனே
6 அக்டோபர் 2024

அன்புள்ள பாய்,

நூல் கிடைத்தது. நூல் இழுத்தால் நீளக்கூடிய பொருள். இனி ஸ்கேலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மேசையில் படுக்கவைத்து, இழுக்காமல், எஃகு டேப்பால் மூன்று முறை அளந்தேன். இருபத்தைந்தரை அங்குலம். நஸ்ரினின் முடிச்சுகள் சிறியவை, அளக்க வசதியாக இருந்தன. அதை அவரிடம் சொல்லவும்.

இருபத்தெட்டிலிருந்து இருபத்தைந்தரை. அந்த இரண்டரை அங்குலத்தை டேப்பில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்புக்கு ஒரு அங்குலம் கூட்டி, இருபத்தாறரைக்குத் தண்டில் கோடு போட்டேன். கோடு போட்டது செவ்வாய்க்கிழமை. வியாழன் வரை அவை அப்படியே கிடந்தன. வெட்டிவிட்டால் உங்கள் பழைய நீளம் இனி இல்லை என்று ஆகிவிடும். நீங்கள் பழைய கையோடு ஒரு ஞாயிறு வந்து நிற்கப்போவதில்லை என்றும் ஆகிவிடும். இது எனக்கு முன்பே தெரியும், நீங்களும் எழுதிவிட்டீர்கள். ஆனால் தண்டு வெட்டப்படாமல் இருந்த வரையில் தெரியாத மாதிரியும் இருக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை வெட்டினேன். முதல் தண்டைப் பிளம்பர் வைத்திருக்கும் குழாய் வெட்டியால் வெட்டிக் கெடுத்துவிட்டேன். அது வாயை நசுக்கிவிட்டது, முனை உள்ளே போகவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "சார், இது பாத்ரூம் பைப் இல்ல" என்றிருப்பீர்கள். வாயைச் சீர்செய்துவிடலாமோ என்று தோன்றியது. அதைத் தனியாக வைக்கப் போனேன். பிறகு முட்டியில் வைத்து மடக்கிக் குப்பையில் போட்டேன். மிகவும் லேசாக மடங்கியது. இத்தனை வருடம் இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

மற்றவற்றைக் கசார்வாடியில் முரளியின் பட்டறைக்கு எடுத்துப்போய், மெல்லிய சாணைச் சக்கரத்தில் நானே நின்று வெட்டினேன். போகும் வழியில் உங்கள் வீட்டு பால்கனியில் வேறு யாருடைய துணிகளோ காய்ந்தன.

இன்று காலை மைதானத்தில் வில்லை எடுத்தேன். ஆறு அம்பு எய்தேன். இரண்டு இலக்கிலேயே படவில்லை. வைஷு கேட்பதற்கு முன் நானே, "தூஸ்ரே காகா நஹீ ஆயேங்கே", இன்னொரு காகா வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். அவள் போய் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். பெஞ்சில் உங்கள் பக்கம் என் பையை வைத்திருந்தேன்.

பார்சலில் உங்களுக்கு ஆறு அம்புகள் வருகின்றன. தண்டு அலுமினியம், மெல்லிய ரகம், பதினெட்டு பவுண்டுக்கு ஏற்ற வளைவு. எய்யும் முன் ஒவ்வொன்றையும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேரான அம்பு சத்தமில்லாமல் உருளும், வளைந்தது துள்ளும். துள்ளினால் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறையும் நான் உருட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் எதிலும் பொட்டு வைக்கவில்லை. நகப்பூச்சு பாட்டிலைத் துணியில் சுற்றிப் பார்சலில் வைத்திருக்கிறேன், இன்னும் பாதி இருக்கிறது. நீங்கள் வாங்கியதுதானே. பார்த்துவிட்டு நீங்களே வையுங்கள்.

என்றும் தங்கள்,
சுந்தரமூர்த்தி